பிள்ளை எழுந்து நிற்கவில்லையா? முதலில் படகைப் பாருங்கள்

படகுக்குப் பின்னால் எழும் அலையின் தள்ளலில் போர்டில் நின்று சறுக்கும் வேக்சர்ஃப் பழகும் பிள்ளை பத்து முறை விழுந்தால் படகில் இருக்கும் பெரியவர்கள் பத்து விதமாகக் கத்துவார்கள். "காலை மடக்கு", "கயிற இழுக்காத", "நேரா பாரு". பிள்ளையின் காதில் தண்ணீர், வாயில் தண்ணீர், ஒன்றும் விளங்காது. பத்தில் ஏழெட்டு முறை கோளாறு பிள்ளையின் காலில் இருக்காது. ஓட்டுநரின் கையிலோ, படகின் எடையைக் கூட்டத் தொட்டியில் நிரப்பும் பேலஸ்ட் தண்ணீரிலோ, போர்டின் அளவிலோதான் இருக்கும். அதனால் எந்தச் சிக்கல் வந்தாலும் வேகம், அலை, கயிறு, போர்டு, ஜாக்கெட் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியாகப் பிள்ளையிடம் வாருங்கள். கீழே ஒவ்வொரு சிக்கலாகப் பார்ப்போம்.

வயது என்று கேட்டால், உதவியின்றி 25 மீட்டர் நீந்தத் தெரிந்த, முகத்தில் தண்ணீர் பட்டால் பதறாத பிள்ளை தயார். பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் இது வரும். ஐந்து வயதிலேயே வருகிற பிள்ளையும் உண்டு, பத்து வயதிலும் வராத பிள்ளையும் உண்டு. வயதைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள், நீச்சலைப் பார்த்து முடிவெடுங்கள்.

எந்தப் படகு என்பதே சரியில்லை என்றால்

இதைச் சரிசெய்ய வழியில்லை, அன்றைய ஆட்டத்தையே நிறுத்த வேண்டும். வேக்சர்ஃப் ஆடுபவர் படகின் பின்புறத்திலிருந்து மூன்று, நான்கு மீட்டரில் நிற்கிறார். பினாங்கில் பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் கரைகளில் நாம் பார்க்கும் ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவை அவுட்போர்டு மோட்டார் வைத்தவை. புரொப்பெல்லர் படகுக்குப் பின்னால் தொங்கும். அவற்றின் பின்னால் பிள்ளையை வேக்சர்ஃபுக்கு இழுக்கவே கூடாது, மெதுவாகப் போனாலும் கூடாது, ஒரு சுற்று மட்டும் என்றாலும் கூடாது. புரொப்பெல்லர் படகின் அடிவயிற்றில், பின்பலகைக்கு (பின்புறம் ஏறி இறங்கும் தட்டு) நன்றாக முன்னால் இருக்கும் இன்போர்டு படகுதான் வேண்டும். வால்வோ பென்டா 2015இல் கொண்டுவந்த ஃபார்வர்டு டிரைவ் போல புரொப்பெல்லர் முன்னோக்கிப் பார்க்கும் அமைப்பும் இதற்கு ஏற்றது. தெரியாவிட்டால் ஏறுவதற்கு முன் கேளுங்கள்: "புரொப்பெல்லர் எங்க இருக்கு?" பதில் தெளிவாக வராவிட்டால் பிள்ளையை இறக்காதீர்கள்.

என்ஜின் ஓடும்போது பின்பலகையில் பிள்ளை உட்காரக் கூடாது. கார்பன் மோனாக்சைடு புகை அங்கேதான் தேங்கும். அதற்கு வாசனை இல்லை. படகில் வந்த பிறகு பிள்ளை "தலை வலிக்குது, வாந்தி வருது" என்றால் வெயில் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். உடனே என்ஜினை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இழுத்த உடனே முகம் குப்புற விழுகிறது

இதுதான் அதிகம் நடப்பது. காரணம் பெரும்பாலும் த்ராட்டல், அதாவது என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி. எண்பது கிலோ ஆளை எழுப்பிப் பழகிய ஓட்டுநர், இருபத்தைந்து கிலோ பிள்ளையையும் அதே வேகத்தில் இழுக்கிறார். போர்டு எழுவதற்குள் உடம்பு அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

சரியான முறை இது. கியரில் போட்டு ஐடிலில், அதாவது என்ஜினின் மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள், மணிக்கு 4, 5 கிமீ வேகத்தில் கயிறு விறைப்பாகட்டும். பிள்ளை தயார் என்று தலையசைத்ததும், மூன்று நான்கு வினாடி எடுத்து 12 கிமீக்குப் போங்கள். பிள்ளை நின்ற பிறகுதான் 15, 16 கிமீ. அமெரிக்கப் படகுகளின் திரை மைல் கணக்கில் காட்டும். அதில் 9.3 முதல் 10 வரை. பெரியவர்களுக்கு வைக்கும் 11, 12 மைல் பிள்ளைக்கு வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால், எழும் கட்டத்தில் அதை நம்பாமல் கையால் ஓட்டுங்கள். சில கருவிகள் குறித்த வேகத்தைப் பிடிக்க அவசரப்படும்.

த்ராட்டல் சரியாக இருந்தும் குப்புற விழுந்தால், பிள்ளை சீக்கிரம் எழுகிறது. தண்ணீருக்குள்ளேயே காலை நீட்டினால் போர்டு மூக்கால் முங்கும். "படகு உன்னைத் தூக்கும்வரை நாற்காலியில உட்கார்ந்த மாதிரியே இரு" என்ற ஒரு வாக்கியம் போதும். வேறு எதையும் அந்த நேரத்தில் சொல்லாதீர்கள்.

போர்டு காலை விட்டு நழுவி ஓடுகிறது

தொடக்க நிலை இப்படி: பிள்ளை மல்லாந்து மிதக்கிறது, முகம் படகைப் பார்க்கிறது. போர்டு குறுக்காக, கயிற்றுக்குச் செங்குத்தாகக் கிடக்கிறது. இரண்டு குதிகாலும் போர்டின் அருகோர விளிம்பின் மேல், தோள் அகலத்தில் இருக்கின்றன. குதிகாலால் விளிம்பை அழுத்தினால், படகு இழுக்கத் தொடங்கும்போது போர்டு தானாகவே நிமிர்ந்து பாதத்தில் ஒட்டும். அப்போது முட்டி மார்பை நோக்கி மடங்க வேண்டும்.

நழுவுவதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, பிள்ளை போர்டை உதைக்கிறது. புல்தரையில் போர்டை வைத்து (அடியில் இருக்கும் துடுப்புத் தகடுகளான ஃபின்களைக் கழற்றிவிட்டு) நீங்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து ஐந்து முறை பழக்கினால் இது போய்விடும். தண்ணீரில் பத்து முறை விழுந்து கற்பதைவிடத் தரையில் ஐந்து முறை மேல். இரண்டு, போர்டு பெரிது. அப்பாவின் ஐந்தடி போர்டை நிமிர்த்தும் அளவுக்குப் பிள்ளையின் குதிகாலில் எடை கிடையாது. மூன்று, வழவழப்பு. மேலே பிடிமான நுரைத் தகடு இல்லாத போர்டு என்றால் மெழுகு தேய்க்க வேண்டும். நம்மூர் வெப்பத்துக்கு வெப்பமண்டல நீர் மெழுகு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். குளிர்நீர் மெழுகு இங்கே உருகி வழியும், அப்புறம் அதுவே வழுக்கும். சன்கிரீம் பூசிய கையோடு போர்டைத் தூக்கினாலும் இதே கதைதான். பிள்ளைக்கு முகத்திலும் கழுத்திலும் பூசிவிட்டு, உடம்புக்கு நீளக்கை ரேஷ்கார்டு (இறுக்கமான நீச்சல் மேற்சட்டை) போடுங்கள். காலில் பூசவே வேண்டாம், நீளக் கால்சட்டை போதும்.

எழுகிறது, இரண்டு வினாடியில் பின்பக்கம் சாய்ந்து விழுகிறது

கையைப் பாருங்கள். கயிற்றை மார்புக்கு இழுத்திருந்தால் எடை முழுவதும் பின்காலுக்குப் போயிருக்கும். கை நீட்டியபடி, பிடி இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். கண் படகில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கட்டும். தன் காலையே பார்க்கும் பிள்ளை விழுந்தே தீரும். பின்பக்கம் பார்ப்பவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டி "இதையே பார்" என்று சொல்லிவைத்தால் நன்றாக வேலை செய்யும்.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: பிள்ளை தவறான பக்கத்தில் நிற்கிறது. இடது காலை முன்வைக்கும் பிள்ளை, படகின் இடப்பக்க அலையில் நின்றால் அலையைப் பார்த்தபடி இருக்கும். வலது காலை முன்வைப்பவருக்கு வலப்பக்க அலை. பக்கம் மாறினால் அலைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், பழகுபவருக்கு அது கடினம். எந்தக் கால் என்று தெரிய, வீட்டில் காலுறை போட்டு மார்பிள் தரையில் ஓடிவந்து சறுக்கச் சொல்லுங்கள். முன்னால் போகிற கால்தான் முன்கால். பின்னாலிருந்து தள்ளிப் பார்ப்பதை நம்பாதீர்கள், பயந்த பிள்ளை எந்தக் காலையும் வைக்கும்.

நிற்கிறது, ஆனால் கயிறு தளரவே இல்லை

அதாவது அலை தள்ளவில்லை. படகுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே விஷயம் நிறைய இருக்கிறது.

முதலில் இடம். தள்ளும் இடம் படகுக்குப் பின்னால் சில மீட்டரில், அலையின் சரிவு நடுவில் இருக்கும். கயிறு நீளமாக இருந்தால் பிள்ளை அதைத் தாண்டி வெகு பின்னால் நிற்கும். வேக்சர்ஃபுக்குத் தடித்த, முடிச்சுகள் போட்ட 6 முதல் 7.5 மீட்டர் கயிறு வரும். பிள்ளைக்கு ஒரு முடிச்சு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது மிச்சத்தைப் படகுப் பக்கத்தில் சுருக்கிக் கட்டுங்கள். பிடி சிறியதாக, பிள்ளையின் கையோ தலையோ நுழைய முடியாததாக இருக்க வேண்டும். வேக்போர்டுக்கான முக்கோணப் பிடியைப் பயன்படுத்தாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

அடுத்து அலையின் வடிவம். கரையிலிருந்து பார்த்தால் தெரியாது, பின்பலகைக்கு மேலே நின்று பாருங்கள்.

அலையின் உச்சி வெள்ளை நுரையாக உடைந்து கிடந்தால் வேகம் போதவில்லை, அல்லது படகு அலைப்பக்கம் போதுமான அளவு சாயவில்லை. அரை கிமீ கூட்டிப் பாருங்கள். பழைய படகு என்றால் ஆட்களை அலைப்பக்கம் உட்கார வையுங்கள். எழுபது கிலோ ஆள் ஒருவர் இடம் மாறினாலே அலை மாறும். பின்புறத்தில் அலையை வடிவமைக்கும் சர்ஃப் தகடு உள்ள புதிய படகு என்றால் சாய்க்க வேண்டாம், இரு பக்கமும் சமமாக ஏற்றி, அலைக்கு எதிர்ப்பக்கத் தகட்டை இறக்கினால் போதும். இந்த இரண்டு முறையையும் கலந்து செய்வதால்தான் நிறைய படகுகளில் அலை குழம்புகிறது.

அலை உயரமாக, செங்குத்தாக, ஆனால் நீளம் குறைவாக இருந்தால் பின்பக்க எடை அதிகம். இரண்டு பேரை முன்னால் அனுப்புங்கள். நீளமாக இருந்தும் தள்ளாவிட்டால் முன்பக்க எடையோ வேகமோ அதிகம், கால் கிமீ, அரை கிமீ என்று குறையுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பேலஸ்ட் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் ஏற்றினால் ஒரு டன். பெரியவர்களுக்காக நிரப்பிய தொட்டியைப் பிள்ளைக்கு அப்படியே வைக்காதீர்கள், பாதியோ முக்கால்பங்கோ போதும். முழு அலை பிள்ளையை முன்னால் எறியும், பயமும் கூடும்.

ஆழத்தையும் பாருங்கள். மூன்று மீட்டருக்குக் குறைந்த இடத்தில் அலை சோர்ந்துவிடும். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் உள்ள புத்ராஜெயா ஏரி அணைகட்டி உருவாக்கியது, சுமார் 400 ஹெக்டேர், சராசரி ஆழம் ஆறு மீட்டருக்கு மேல். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டின் நீர்ச்சறுக்குப் போட்டிகளும் அங்கேதான் நடந்தன. ஆனாலும் ஓரங்களில் ஆழம் குறையும். "நடுவுல நல்லா இருந்துச்சு, அந்தப் பக்கம் போனதும் செத்துப்போச்சு" என்றால் ஆழமானியைப் பாருங்கள். கரையிலிருந்தும் மற்றப் படகுகளிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். கல் கட்டிய கரையில் மோதித் திரும்பும் அலைதான் அடுத்த சுற்றைக் கெடுக்கும்.

இதெல்லாம் சரி என்றால்தான் பிள்ளையின் கால். முன்காலை அழுத்தினால் வேகம் கூடும், பின்காலை அழுத்தினால் குறையும். "முன்கால் பெருவிரலால எறும்பு நசுக்கு" என்று சொல்லுங்கள், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

படகை நோக்கி மிக அருகில் வந்துவிடுகிறது

பயப்பட வேண்டிய நிலை இது, ஆனால் ஓட்டுநர் பதறி த்ராட்டலைச் சட்டென்று மூடிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் படகு நிற்கும், பின்னால் வரும் அலை நிற்காது. பிள்ளையையும் போர்டையும் பின்பலகையில் கொண்டுவந்து மோதும். வேகத்தை அப்படியே வைத்திருங்கள். பின்பக்கம் பார்ப்பவர் "பின்கால்!" என்று ஒரே சொல்லாகக் கத்தட்டும். இன்னும் நெருங்கினால் பிள்ளை கயிற்றை விட்டுப் பின்பக்கம் உட்கார வேண்டும், படகு தானே விலகிப் போய்விடும். இதைத் தொடக்கத்திலேயே பழக்கி வையுங்கள்: எப்படி எழுவது என்பதற்கு முன் எப்படி விழுவது. பின்னால் அல்லது பக்கவாட்டில் உட்கார்ந்து விழணும், தலைகீழாகப் பாயக் கூடாது. மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொண்டு வரணும், போர்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

விழுந்த பிள்ளையை எடுக்க, படகை ஐடிலுக்குக் கொண்டுவந்து, பிறகு திருப்பி, ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பக்கமாக நெருங்குங்கள். கண்ணில் படாத பக்கம் பிள்ளை இருக்கக் கூடாது. பிள்ளை பின்பலகையைத் தொடும் முன் என்ஜின் அணைந்திருக்க வேண்டும். நியூட்ரல் போதாது.

நேராக நிற்காமல் பக்கவாட்டில் நழுவுகிறது, அல்லது சுழன்றுவிடுகிறது

நழுவினால் விரல்நுனியும் குதிகாலும்தான் விஷயம். அலையைப் பார்த்து நிற்கும் பிள்ளை வெளிப்பக்கம் போனால் எடை குதிகாலில் இருக்கிறது, விரல்பக்கம் அழுத்தினால் அலைக்குத் திரும்பும். நுரைக்குள் போனால் அதற்கு எதிர்.

சுழன்றால் போர்டு. ஒரே சிறு ஃபின் வைத்த மெல்லிய ஸ்கிம் வகை தந்திரம் செய்பவர்களுக்கானது, பழகும் பிள்ளைக்கு அது தண்டனை. இரண்டு, மூன்று ஃபின் உள்ள, ஓரம் தடித்த சர்ஃப் வகையே வாங்குங்கள். நீளம் பொதுவாக இப்படி: 30 கிலோ வரை 3 அடி 6 அங்குலம் முதல் 3 அடி 10 வரை, 30 முதல் 45 கிலோவுக்கு 4 அடி 2 வரை, அதற்கு மேல் 60 கிலோ வரை 4 அடி 6. போர்டின் அடியில் தயாரிப்பாளர் எழுதிய எடை வரம்பு வேறுவிதமாகச் சொன்னால் அதையே நம்புங்கள், நீளத்தைவிட அகலமும் தடிமனும் முக்கியம். "வளர்றான்ல, பெருசா வாங்கிடலாம்" என்பது பள்ளிச் சீருடைக்குச் சரி. இதற்குச் சரிவராது. முதல் போர்டுக்கு மேற்பரப்பு மென்மையான நுரை வகை நல்லது, விழும்போது பல் உடையாது.

ஃபின் ஆடுகிறதா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் கையால் அசைத்துப் பாருங்கள். ஃபியூச்சர்ஸ், எஃப்சிஎஸ் ஃபின்களின் திருகுக்கு 3/32 அங்குல அறுகோணச் சாவி வேண்டும். நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 2 மிமீ சாவியைத் திணித்தால் திருகின் தலை வழுக்கிப் போகும், அப்புறம் துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது, பிள்ளை மூச்சுத் திணறுகிறது

அளவு தவறு. கரையில் ஜாக்கெட்டை மாட்டி எல்லாப் பட்டையையும் இறுக்கி, தோளைப் பிடித்துத் தூக்குங்கள். தாடையைத் தொட்டால் பெரிது. அங்கீகாரம் பெற்ற, பிள்ளையின் எடைக்கு உரிய லைஃப் ஜாக்கெட் வேண்டும், குறைந்தது ஐஎஸ்ஓ 12402-5, நிலை 50. நீச்சல் தெரிந்தவருக்கு மட்டுமே அந்த நிலை. போட்டியாளர்கள் போடும் மெல்லிய இம்பாக்ட் வெஸ்ட் மிதக்கவைக்கும் சான்று இல்லாதது, பிள்ளைக்கு வாங்காதீர்கள். கணுக்காலில் கட்டும் கயிறும் வேண்டாம், போர்டு திரும்பிவந்து அடிக்கும்.

உதடு நடுங்குகிறது, அழுகை, "போதும் அங்கிள்"

அப்படியென்றால் போதும். ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் காற்றில் நனைந்து உட்கார்ந்தால் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஒரு முறைக்கு பத்து, பதினைந்து நிமிடம், நான்கைந்து முயற்சி. தோல்வியில் நிறுத்தாதீர்கள். கடைசிச் சுற்றில் போர்டில் படுத்தபடியோ முட்டி போட்டபடியோ 6, 7 கிமீ வேகத்தில் மெதுவாக இழுத்து, சிரிக்க வைத்துக் கரைசேருங்கள்.

நேரம் காலை ஏழரை முதல் பத்தரை வரை. அதற்குப் பிறகு காற்று எழும்பும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் இடி சாதாரணம். இடிச் சத்தம் கேட்டால் கரை, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். பெருமழைக்கு மறுநாள் இறங்காமல் இருப்பது நல்லது, காலில் புண் இருந்தால் கட்டாயம் இறங்கக் கூடாது. எலிச் சிறுநீர்க் காய்ச்சல், நாம் கென்சிங் தீக்குஸ் என்று சொல்வது, அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வரும். அடுத்த நான்கு வாரத்தில் காய்ச்சல் வந்தால் ஏரியில் இறங்கிய தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

போர்டின் மேல் கொப்புளம்

காரில் வைத்தீர்கள். மூடிய காரில், வெயிலில், உள்ளே இருக்கும் நுரையின் காற்று விரிந்து மேல்தோலைத் தூக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். கீறல் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால் இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, எபாக்சியால் மட்டும் அடையுங்கள். ஃபைபர் படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின், உள்ளே இருக்கும் ஈபிஎஸ் (தெர்மோகோல் வகை) நுரையைக் கரைத்துவிடும். பழைய போர்டு வாங்கும்போதும் இதே சோதனை: விரல் முட்டியால் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறும் இடத்தில் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது.

போன வாரம் நின்றவன் இந்த வாரம் விழுகிறான்

"மறந்துட்டியா?" என்று கேட்காதீர்கள். போன வாரம் படகில் ஆறு பேர் இருந்திருப்பீர்கள், இந்த வாரம் மூன்று பேர். இருநூறு கிலோ குறைந்திருக்கிறது, அலை வேறு அலையாகிவிட்டது. அல்லது எரிபொருள் தொட்டி காலி, அல்லது வேறு ஓட்டுநர், அல்லது ஃபின் ஒன்று தளர்ந்திருக்கிறது. பிள்ளை நன்றாக நின்ற நாளில் வேகம், எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த முடிச்சைப் பிடித்தான் என்பதைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் முதலில் அதே எண்களைப் போட்டுவிட்டு, பிறகு அவனைத் தண்ணீரில் இறக்குங்கள்.